யார் பதில் சொல்வது? ஜெர்மன் ஆர்கன் பட்டறைகளில் குடும்பமும் கைத்தொழிலும்

1. கேள்வி

ஐரோப்பியத் தேவாலயங்களின் பைப் ஆர்கன்களைக் கட்டுவதும் சீரமைப்பதும் பெரும்பாலும் சிறிய பட்டறைகளின் வேலை. அப்பட்டறைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ஒரு குடும்பப் பெயரும் தொடங்கிய ஆண்டும் இருக்கும்: டிரெஸ்டன் நகரின் யேம்லிஹ், 1808, பவுட்சனின் ஆய்லெ, 1872, பான் நகரின் க்ளைஸ், 1882. ஜெர்மனியின் ஆர்கன் கட்டும் கலையையும் அதன் இசையையும் 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டில் ஏறத்தாழ 50,000 ஆர்கன்களும், 400 பட்டறைகளும், அவற்றில் 2,800 பணியாளர்களும், 180 பயிற்சி மாணவர்களும் இருப்பதாக அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு பட்டறைக்கு ஏழு பேர். இத்தனை சிறிய இடங்களில் இத்தனை நுட்பமான கலை நூற்றாண்டுகளாக எப்படி நிலைத்தது என்று கேட்டால், தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்தார், மகன் பேரனுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதே வழக்கமான விடை. பட்டறைகள் வெளியிடும் ஆண்டுமலர்களும் தலைமுறை வரிசையையே முதுகெலும்பாகக் கொண்டவை.

இந்த விடைக்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: குலத்தொழில். அதனாலேயே அதைச் சோதிக்காமல் ஏற்பது தமிழ் வாசகருக்கு எளிதல்ல. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953-இல் சென்னை மாநிலத்தில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம் கடும் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அந்த வரலாற்றைக் கொண்ட மொழியில் ‘இரத்தத்தில் ஊறிய கலை’ என்பது வெறும் பாராட்டாக ஒலிக்காது. பிறப்பைக் கொண்டு தொழிலைத் தீர்மானிக்கும் வாதமும் அதனுள் ஒளிந்திருக்கும். எனவே கேள்வியைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டும். ஆர்கன் பட்டறையில் குடும்பம் கையளித்தது எது?

இக்கட்டுரையின் வாதம் இது: திறமையும் பொறுப்பும் வெவ்வேறு வழிகளில் கைமாறின. திறமை குடும்ப எல்லைகளை மதித்ததே இல்லை. பயிற்சி மாணவர், கைவினைஞர், மறுமணம் செய்த விதவை, ஏடுகள், பழைய கருவிகள் ஆகியவற்றின் வழியே அது பரவியது. குடும்பம் கொடுத்தது ஒரு பெயரையும் முகவரியையும். கட்டியவர் இறந்த பின்னும் அந்தக் கருவிக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு அந்தப் பெயர் விடையாக நின்றது.

2. கருவியின் ஆயுளும் மனிதரின் ஆயுளும்

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைக் கருவியின் அமைப்பே காட்டிவிடும். ஆர்மோனியத்தில் துருத்தியின் காற்று சிறு உலோக நாக்குகளை அதிரச் செய்கிறது. முழுக் கருவியும் மடியில் அடங்கும். பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழல், ஒவ்வொரு ஒலிவண்ணத்துக்கும் தனிக் குழல்வரிசை. 1714-இல் முடிந்த ஃபிரைபெர்க் பேராலய ஆர்கனில் இத்தகைய வரிசைகள் 44. பேராலயக் கருவிகளில் 10 மீட்டர் உயரக் குழலும் விரல்நுனி அளவுக் குழலும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்வது உண்டு. வெள்ளீயமும் ஈயமும் கலந்த உருகிய உலோகத்தை நீண்ட மேசைமேல் ஓட்டித் தகடாக்கி, இழைத்து, உருட்டி, பற்றவைத்தால் குழலின் உடல் கிடைக்கும். குரல் அதற்குப் பின்னரே வரும். குழலின் வாயை எவ்வளவு உயரம் வெட்டுவது, உள்ளிருக்கும் நாத்தகட்டை எவ்வளவு தாழ்த்துவது, அடித்துளையை எவ்வளவு திறப்பது என்பவற்றை மில்லிமீட்டரின் பின்னங்களில் திருத்தித் திருத்தி, ஒவ்வொரு குழலாகப் பேச வைக்க வேண்டும். இறுதித் திருத்தம் பட்டறையில் முடியாது. அந்தத் தேவாலயத்தின் எதிரொலிக்குள் நின்று காதால் செய்ய வேண்டிய வேலை அது.

இவ்வளவு உழைப்பில் உருவான கருவி நூற்றாண்டுகள் வாழும். ஆனால் சும்மா வாழாது. துருத்தித் தோல் சில பத்தாண்டுகளில் வெடிக்கும். மரப் பாகங்கள் குளிர்காலச் சூடேற்றலில் பிளக்கும். குழல்களில் தூசு அடையும். ஓக் மரக் காற்றுப்பெட்டியிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயம் மிகுந்த குழல்களை அரிக்கிறது என்பதை லூபெக் நகரின் யாக்கோபு ஆலயத்திலுள்ள ஷ்டெல்வாகன் ஆர்கனை மையமாக வைத்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஐரோப்பிய ஆய்வு விளக்கியது. ஆக, ஆர்கனை வாங்கும் திருச்சபை ஒரு பொருளை வாங்குவதோடு நிற்பதில்லை. தலைமுறைகளுக்குத் தொடரும் ஓர் உறவுக்குள் நுழைகிறது. கட்டியவரின் ஆயுள் கருவியின் ஆயுளில் ஒரு சிறு துண்டு. குடும்பப் பட்டறை என்ற வடிவத்தின் பயன் இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்ப இரத்த உறவு வேண்டுமா என்பதே அடுத்த கேள்வி.

3. சில்பர்மான்: தச்சரின் மக்கள்

குடும்பக் கலை என்ற கருத்துக்கு முதலில் காட்டப்படும் சான்று சில்பர்மான் குடும்பம். சாக்சனியின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஆண்ட்ரேயாஸ் (1678–1734) அல்சாசின் ஸ்ட்ராஸ்பர்கில் பட்டறை அமைத்தார். அவருடைய தம்பி காட்ஃபிரீட் (1683–1753) அண்ணனிடம் போய்த் தொழில் கற்று, 1710-இல் சாக்சனிக்குத் திரும்பி, ஃபிரைபெர்கில் வேரூன்றி ஏறத்தாழ 50 ஆர்கன்கள் கட்டினார். ஒரே பெயர், இரண்டு நாடுகள், இரண்டு ஒலி மரபுகள். ஆனால் இவர்களின் தந்தை ஆர்கன் கட்டியவரல்லர், தச்சர். இந்த ‘மரபு’ முதல் தலைமுறையிலேயே ஒரு தொழில் மாற்றத்தில் தொடங்கியது. காட்ஃபிரீட் மணம் செய்துகொள்ளவும் இல்லை. சாக்சனியில் அவருடைய கலை மகனிடம் போயிருக்க வழியே இல்லை.

அது போன இடம் சக்கரியாஸ் ஹில்டெபிராண்ட் என்ற மாணவர். அவர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது காட்ஃபிரீட் எழுதி வாங்கிய நிபந்தனை பொருள் பொதிந்தது: சாக்சனியிலும் அல்சாசிலும் தனியாக ஆர்கன் கட்டக் கூடாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் உரிய இரு சந்தைகளுக்கும் வேலி போட்ட நிபந்தனை அது. குடும்பம் என்பது இங்கே கற்பிக்கும் அமைப்பாக அன்றி, கற்றதைக் கட்டிவைக்கும் அமைப்பாகச் செயல்பட்டிருக்கிறது. வேலி நிலைக்கவில்லை. 1723-இல் லைப்சிக் அருகே ஷ்டோர்ம்தால் ஊரில் ஹில்டெபிராண்ட் கட்டிய ஆர்கனை யோஹான் செபாஸ்டியன் பாக் சோதித்து ஏற்றார். அக்காலத்தில் ஆசானுக்கும் மாணவருக்கும் வழக்கே நடந்தது. பின்னர் இருவரும் சமாதானமாயினர். 1746-இல் நவும்பர்கின் வென்ட்சல் ஆலயத்தில் ஹில்டெபிராண்ட் 53 குழல்வரிசைகளுடன் கட்டிய பெரிய ஆர்கனைச் சோதிக்க அழைக்கப்பட்ட இருவரில் ஒருவர் பாக். மற்றவர் காட்ஃபிரீட் சில்பர்மான். டிரெஸ்டன் அரசவை ஆலயத்தின் ஆர்கனை முடிக்காமல் காட்ஃபிரீட் இறந்தபோது, அதை 1755-இல் முடித்துக் கொடுத்ததும் ஒருகாலத்தில் தடை விதிக்கப்பட்ட அதே மாணவர்தான்.

ஸ்ட்ராஸ்பர்க் கிளையில் தந்தை–மகன் தொடர்ச்சி உண்டு. ஆனால் ஆண்ட்ரேயாஸின் மகன் யோஹான் ஆண்ட்ரேயாஸ் (1712–1783) வருங்காலத்துக்கு விட்டுச்சென்ற பெரும் சொத்து ஏடுகளாகவே கிடைத்திருக்கிறது. தம் பட்டறையின் கருவிகளைப் பற்றி மட்டுமன்றி, பிறர் கட்டியவற்றைப் பற்றியும் அவர் அளவுகளும் குறிப்புகளும் வரைபடங்களும் சேர்த்தார். 1741-இல் சித்தப்பாவைக் காணச் சாக்சனிக்குப் போன பயணத்தையும் பதிந்தார். இன்று சில்பர்மான் கருவியைச் சீரமைக்கும் எவரும், அக்குடும்பத்தில் பிறக்காதவரும், அச்சாகிவிட்ட அந்த ஏடுகளிடம் பாடம் கேட்கலாம். எழுத்தில் இறங்கிய கணமே இரகசியம் குடும்பத்தைவிட்டு வெளியேறிவிட்டது.

4. விதவை வழி வந்த பட்டறை

வட ஜெர்மனியின் பெரும்பெயர் ஆர்ப் ஷ்னிட்கர் (1648–1719). உறவினரான பேரெண்ட் ஹுஸ் என்பவரிடம் தொழில் கற்று, அவர் இறந்தபின் அவருடைய வேலைகளை முடித்துத் தம் பெயரை நிறுவியவர். ஹாம்பர்க் யாக்கோபு ஆலயத்தில் 1693-இல் அவர் முடித்த 60 வரிசை ஆர்கனில், தமக்கு முந்தைய ஷேரர் குடும்பத்தாரும் பிறரும் செய்த பழைய குழல்களைக் களையாமல் சேர்த்துக்கொண்டார். ஒரு குடும்பத்தின் குழல் இன்னொரு பட்டறையின் கருவிக்குள் புகுந்து, புதிய குரல்களோடு சேர்ந்து ஒலிக்கிறது. ஆர்கன் வரலாற்றில் இது விதிவிலக்கு அன்று. பழைய குழலைக் கையில் எடுத்து, அதன் உலோகத்தையும் வாயையும் அடித்துளையையும் பார்த்து, இறந்தவரிடம் கற்பது இத்தொழிலின் அன்றாடம்.

ஷ்னிட்கரின் மக்கள் யோஹான் கேயார்க்கும் ஃபிரான்ஸ் காஸ்பரும் நெதர்லாந்துக்குப் போய் 1721-இல் ஸ்வோல நகரின் மிக்கேல் ஆலய ஆர்கனைக் கட்டினர். 1729-இல் ஃபிரான்ஸ் காஸ்பர் இறந்தார். ஹாம்பர்கில் பிறந்து குரோனிங்கனில் தொழில் நடத்திய ஆல்பெர்ட்டஸ் அந்தோனியஸ் ஹின்ஸ் 1732-இல் அவருடைய விதவையை மணந்து, பட்டறையின் தொடர்ச்சியைத் தம் கையில் எடுத்தார். 1785-இல் அவர் இறந்தபின் வேலை சென்றது அவர் வளர்த்த ஷ்னிட்கர் மகனிடமும், ஃபிரைட்டாக் என்ற வெளியாளிடமும். கைவினைச் சங்கங்களின் காலத்தில் விதவையை மணந்து பட்டறை அடைவது பல தொழில்களிலும் அறியப்பட்ட வழிதான். அதைக் குடும்பத் தொடர்ச்சி என்று எண்ணுவதா, முறிவு என்று எண்ணுவதா? இரத்தத்தைக் கணக்கிட்டால் முறிவு. கருவிகளைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று கணக்கிட்டால் தொடர்ச்சி. குடும்ப மரபைக் கொண்டாடும் வரலாறுகள் இந்த இரண்டாவது கணக்கின் மதிப்பை முதலாவதின் பெயரில் வரவு வைத்துவிடுகின்றன. பட்டறையைக் கடத்திய பாலமாக நின்ற அந்தப் பெண்ணுக்குப் பெயர்ப்பலகையில் இடமில்லை என்பதும் அந்தக் கணக்குப் பிழையின் ஒரு பகுதியே.

5. 1972: உரிமை போனது, பெயர் நின்றது

குடும்பத்தையும் பட்டறையையும் பிரித்துப் பார்க்க வரலாறு அரிதாகவே வாய்ப்பளிக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் அப்படியொரு வாய்ப்பு கிடைத்தது. எஞ்சியிருந்த தனியார் தொழில்நிறுவனங்களை அந்த அரசு 1972-இல் எடுத்துக்கொண்டபோது டிரெஸ்டனின் யேம்லிஹ், பவுட்சனின் ஆய்லெ, பாட்ஸ்டாமின் ஷூக்கே ஆகிய ஆர்கன் பட்டறைகளும் மக்கள் உடைமை நிறுவனங்கள் ஆயின. 1990-இல் மீண்டும் குடும்பங்களிடம் வந்தன. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் வேலை நிற்கவில்லை. லைப்சிக்கின் புதிய கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கின் பெரிய ஆர்கனை 1981-இல் கட்டியது அரசுடைமையாகிவிட்ட ஷூக்கே பட்டறைதான். உரிமைப் பத்திரம் கைமாறியதால் குழல் வார்க்கும் கைகள் மறந்துபோகவில்லை.

இன்னும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. குடும்பச் சொத்துரிமையைக் கொள்கையளவில் எதிர்த்த அரசு, பட்டறைகளின் பெயரிலிருந்து குடும்பப் பெயர்களை நீக்கவில்லை. ‘மக்கள் உடைமை’ என்ற முன்னொட்டுக்குப் பின் யேம்லிஹ், ஆய்லெ, ஷூக்கே என்ற பெயர்கள் அப்படியே நின்றன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. தேவாலயத்துக்கும் வெளிநாட்டு வாங்குபவருக்கும் அந்தப் பெயர் ஓர் உறுதிமொழி. முன்பு கட்டியவற்றுக்குப் பதில் சொல்லும் முகவரி. உரிமையாளரை மாற்ற முடிந்த அரசால் அந்த முகவரியை மாற்ற முடியவில்லை. ஷூக்கே பெயரின் வரலாறும் இதற்குப் பொருந்துகிறது. அப்பட்டறையின் தொடக்கம் 1820-இல் பாட்ஸ்டாமில் தொழில் தொடங்கிய காட்லீப் ஹைசே என்பவரிடம். பின்பு கெசல் குடும்பம். 1894-இல்தான் அலெக்சாண்டர் ஷூக்கே. இரு நூற்றாண்டுப் பட்டறை என்ற பெருமையில் முதல் முக்கால் நூற்றாண்டு வேறு பெயர்களுக்கு உரியது.

திறமை வெளியே கசிந்ததற்கும் இதே வட்டாரத்தில் சான்று இருக்கிறது. யேம்லிஹ் பட்டறையில் தொழில் கற்ற கிறிஸ்டியான் வேக்ஷைடர் 1989-இல் டிரெஸ்டனில் தனிப் பட்டறை தொடங்கினார். மேலே சொன்ன அரசவை ஆலய சில்பர்மான் ஆர்கனை 2002-இல் இவ்விரு பட்டறைகளும் சேர்ந்து சீரமைத்தன. இரு நூற்றாண்டுப் பெயரும் பத்தாண்டு கடந்த பெயரும் ஒரே காற்றுப்பெட்டியின் முன் நின்றன.

6. சீரமைப்பு: பெயர் காப்பாற்றியதும் கெடுத்ததும்

குடும்பப் பட்டறையைத் தொழிற்சாலைக்கு மாற்றாக நிறுத்தும் பார்வை பழையது. ஆல்பெர்ட் ஷ்வைட்சர் 1906-இல் வெளியிட்ட ஜெர்மன், பிரெஞ்சு ஆர்கன் கலை பற்றிய சிறு நூல், மலிவும் வேகமும் தேடிய தொழிற்சாலை முறையைக் கடுமையாகச் சாடியது. ஆனால் அவர் காலத்துப் பெரும் தொழிற்சாலைகளும் குடும்பங்களுடையவை. ரீகா பேராலயத்துக்கு 1884-இல் 124 வரிசைகளும் 6,718 குழல்களும் கொண்ட ஆர்கனைக் கொடுத்த வால்கர் நிறுவனம் தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் பட்டறை. குடும்பம் என்பதால் கைவினை, தொழிற்சாலை என்பதால் குடும்பமற்றது என்ற எதிர்வு நிற்காது.

பழைய கருவிகளைக் காத்தவர்கள் குடும்பப் பட்டறைகள் என்பது பாதி உண்மை. மாற்றியவர்களும் அவர்களே. நவும்பர்க் ஆர்கனை 19-ஆம் நூற்றாண்டில் லாடெகாஸ்ட் என்ற பட்டறையாளர் தம் காலத்து ரசனைக்கேற்பத் திருத்தினார். 1930-களில் வால்கர் நிறுவனம் அதற்கு மின் இயக்கம் பொருத்தியது. ஹில்டெபிராண்டின் நிலைக்கு அதை மீட்க 1993 முதல் 2000 வரை உழைத்தது ஆய்லெ பட்டறை. மூன்றுமே மதிப்புமிக்க பெயர்கள். காப்பதற்கும் கெடுப்பதற்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்கியது பரம்பரை அன்று. பழைய கருவியை ஆவணமாகப் படிக்கும் புதிய ஒழுங்கு. 1957-இன் வைல்ஹைம் நெறிமுறைகள் போன்றவை அந்த ஒழுங்குக்கு எழுத்து வடிவம் கொடுத்தன.

அந்த ஒழுங்கைச் செயலில் காட்டியவர்களுள் முதன்மையானவர் யூர்கன் ஆரெண்ட். பாவுல் ஓட் பட்டறையில் தொழில் கற்று, கெர்ஹார்ட் புருன்சேமாவோடு 1954-இல் லேயர் நகரில் தனிப் பட்டறை தொடங்கிய அவர், வட ஜெர்மனியின் பழைய கருவிகளைத் திறந்து அளந்து கேட்டே அவற்றின் மொழியைக் கற்றார். 1917-இல் போருக்காக முகப்புக் குழல்களைப் பறிகொடுத்து, அடுத்த போரில் கழற்றி மறைத்துக் காக்கப்பட்ட ஹாம்பர்க் ஷ்னிட்கர் ஆர்கனை அவர் 1993-இல் சீரமைத்தார். ஷ்னிட்கரின் மறைவுக்கும் இந்தச் சீரமைப்புக்கும் நடுவே இருப்பது இரண்டே முக்கால் நூற்றாண்டு. இரத்தமோ உயிரோடிருந்த ஆசானோ இல்லை. குழல்களே ஆசான். 2005-இல் அவர் பட்டறையை மகன் ஹென்ட்ரிக்கிடம் ஒப்படைத்தார் என்பது இதற்கு முரணில்லை. திறமை கருவிகளிலிருந்து வந்தது. அதனால் பிறந்த பொறுப்பு மகனிடம் போனது. இரண்டு வழிகளும் ஒரே வாழ்க்கையில் தனித்தனியே தெரிகின்றன.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. குரலமைத்தல் ஏட்டில் அடங்காத அறிவு. காது சிறுவயதிலேயே பட்டறையில் வளர வேண்டும். அதற்குக் குடும்பமே இயல்பான பள்ளி. பட்டறையில் வளர்ந்த குழந்தைக்கு முன்கூட்டிய பழக்கம் கிடைக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏட்டில் அடங்காத அறிவு வேறு, குடும்பத்தில் மட்டும் அடங்கும் அறிவு வேறு. அருகில் நின்று கற்க வேண்டும் என்பதுதான் அத்தகைய அறிவின் நிபந்தனை. மகனாகப் பிறக்க வேண்டும் என்பதல்ல. ஜெர்மனியில் ஆர்கன் கட்டுவோருக்கான பயிற்சிக்காலம் மூன்றரை ஆண்டு. பட்டறையில் வேலை, இடையிடையே லுட்விக்ஸ்பர்கிலுள்ள தொழிற்பள்ளியில் பாடம். அப்பள்ளியின் பெயர் ஆஸ்கார் வால்கர் பள்ளி. ஒரு குடும்பப் பெயர் பொதுப்பள்ளியின் வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பதையே இக்கலையின் உண்மையான பாதையாகக் கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு 1972-ஐப் பற்றியது. குடும்பத்தினர் சிலர் பட்டறைக்குள்ளேயே தொடர்ந்ததால் அது தூய சோதனை ஆகாது என்பார்கள். சரியே. அந்தச் சான்றைக் கொண்டு குடும்பம் தேவையற்றது என்று முடிவுகட்ட இயலாது. அது நிறுவுவது இன்னும் குறுகியது: சொத்துரிமை போனாலும் திறமை போகாது. இக்கட்டுரைக்கு அவ்வளவே போதும்.

மூன்றாவது மறுப்பு பொருளியல் சார்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே கருவிமேல் வேலை, ஒழுங்கற்ற வருமானம், சுருங்கும் திருச்சபைகள். இவற்றைப் பொறுத்துக்கொள்ளும் முதலீடு குடும்பத்திடமே கிடைக்கும். இதை ஏற்கத்தான் வேண்டும். இது என் வாதத்தை எதிர்ப்பதற்கு மாறாக வலுப்படுத்துகிறது. குடும்பம் தருவது பொறுமையும் நீண்டகாலக் கடப்பாடும் என்றே இம்மறுப்பும் சொல்கிறது. திறமை என்று சொல்லவில்லை. தவிர, அக்கடப்பாடும் குடும்ப நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. ஒப்பந்தம், வெளியார் சோதனை, சட்டம் ஆகியவை அதைப் பிடித்து நிறுத்தின. தனிப் பட்டறை நடத்த மைஸ்டர் (கைவினை ஆசான்) தேர்வு கட்டாயம் என்ற விதி 2004-இல் இத்தொழிலுக்கு நீக்கப்பட்டு, 2020-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அந்தத் தேர்வு தந்தையின் பெயரைக் கேட்பதில்லை.

இந்த வாதத்துக்குப் பிலிப்பைன்சின் லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கன் இறுதிச் சான்று. தியேகோ செரா என்ற ஸ்பானியத் துறவி 1824-இல் முடித்த அதன் 1,031 குழல்களில் 902 மூங்கிலால் ஆனவை. 1973 முதல் 1975 வரை பானில் க்ளைஸ் பட்டறை அதைச் சீரமைத்தது. மூங்கில் காய்ந்து வெடிக்காமலிருக்க வெப்பநாட்டு ஈரப்பதத்தைச் செயற்கையாக உண்டாக்கி வைத்தார்கள். பின்னர் ஐரோப்பாவில் பயின்று திரும்பிய பிலிப்பைன் கைவினைஞர்கள் 1994-இல் செராவின் பெயரிலேயே சொந்தப் பட்டறை தொடங்கினர். துறவிக்கு வாரிசு ஏது? ஆனாலும் அவர் பெயரில் அந்தக் கருவிக்குப் பதில் சொல்ல இன்று ஆள் இருக்கிறது.

8. முடிவு

குடும்பப் பட்டறையின் மதிப்பைக் குறைப்பது இங்கே நோக்கமல்ல. அந்த மதிப்பு இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டுவதே நோக்கம். கலை இரத்தத்தில் ஓடுகிறது என்று நம்பினால், வாரிசு இல்லாத பட்டறையோடு கலையும் முடிந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். வெளியிலிருந்து வரும் மாணவர் என்றும் இரண்டாம் தரம் ஆவார். சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. தச்சரின் மகன், தடை விதிக்கப்பட்ட மாணவர், விதவையை மணந்த கைவினைஞர், பழைய குழல்களை அளந்து கற்றவர் என்று இக்கலையை வளர்த்தவர் பட்டியலில் வெளியிலிருந்து வந்தவர்களே அதிகம். குடும்பப் பெயர் அவர்களுக்குக் கொடுத்தது நூறாண்டு கழித்தும் கதவைத் தட்ட ஓர் இடம். 1746-இல் நவும்பர்க் மாடத்தில் காட்ஃபிரீட் சில்பர்மான் தம் பெயரால் தடுக்க முயன்ற மாணவரின் வேலையைத் தம் பெயரால் சோதித்து ஏற்றபோது, அந்தப் பெயர் செய்யக்கூடிய சிறந்த காரியத்தைச் செய்தது. வாரிசைக் குறிக்கவில்லை, வேலைக்குச் சாட்சி சொன்னது.